மதியத்தில் நீலமான இலை

உங்கள் பயிர் நோய்ப் பிரிவின் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறீர்கள். கவனி, கருதுகோள் வை, சோதனை செய், முடிவுக்கு வா. கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பணியில் இருந்த காலமெல்லாம் நெல் வயலில் இறங்கி ஏறியவள் நான். என் வேலை ஒருநாள்கூட அந்த வரிசையில் நடந்ததில்லை என்று சொன்னால் உங்கள் அதிகாரி கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டுமே, ஓய்வு பெற்றவளை என்ன செய்துவிட முடியும்?

அனுபவங்களைச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். அனுபவங்களை எல்லாம் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். அறிவியல் என்றால் என்ன என்பதில் நாம் வைத்திருக்கும் தப்பு நினைப்புகள் வரிசைகட்டி வந்து நின்ற சம்பவம் அது. ஊர்க்காரர்கள் மட்டும் தப்பாக நினைத்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள், நம் ஆட்களும்தான். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு பரபரக்கிறது.

கார்த்திகை மாதம். தங்கை மகள் கல்யாணத்துக்காகப் பாபநாசம் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைக்கிறேன், போன் அதிர்கிறது. விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. என் சக அதிகாரி சம்பத் கையில் ஒரு நெல் இலை. அதில் கருநீலக் கோடுகள். கீழே யாரோ கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘துங்ரோ நோய் உறுதி. விஞ்ஞானிகள் நிரூபித்தனர்.’

சம்பத் பூச்சியியல்காரர். கெட்டிக்காரர், நல்ல மனுஷன், கொஞ்சம் மேடைப் பிரியர். முந்தைய நாள் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பயிர் மருத்துவ முகாம் நடத்தியிருந்தார். நான் அந்த நீல இலையைப் பார்க்கவில்லை. அவர் காலடியில் விழுந்திருந்த நிழலைப் பார்த்தேன். குட்டை நிழல். அப்படியென்றால் அது நடுப்பகல். சோறு வருவதற்குள் அவருக்குப் போன் போட்டேன்.

“சம்பத், இலையை எப்பப் பறிச்சாங்க?”

“முகாமுக்கு வரும்போது பறிச்சு எடுத்துட்டு வந்தாங்க. மத்தியானம் இருக்கும். ஏன் மேடம், கல்யாணச் சாப்பாடு சரியில்லையா?”

“யார் வயல் இலை?”

“கீழ்வயல் ஆரோக்கியமேரி வயல். முழுக்க மஞ்சளாக் கிடக்கு. நோய் பரவாம இருக்கப் பயிரோட இன்னிக்கே உழுதுடலாம்னு ஊர்ல முடிவு பண்ணிட்டாங்க. சேத்துல உழற இரும்புக் கேஜ் வீல் மாட்டின டிராக்டர் வருதாம்.”

பந்தியிலிருந்து எழுந்துவிட்டேன். தங்கை இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். மாப்பிள்ளை வீட்டார் காரை வாங்கிக்கொண்டு, கட்டியிருந்த பட்டுப்புடவையோடு கிளம்பினேன்.

அந்தச் சோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் வைரஸ் நோயான துங்ரோ வந்த நெல்லில் மாவுச்சத்து இலையை விட்டு இறங்காமல் தங்கிவிடும். வெட்டிய இலையை அயோடினில் வைத்தால் கருநீலமாகும். விடிவதற்கு முன் பறிக்கச் சொல்வது ஏன்? நல்ல இலை பகலில் சமைத்ததை ராத்திரியில் காலி செய்துவிடும். நோய்ப்பட்ட இலையில்தான் மிச்சம் நிற்கும். வெயில் ஏறிய பிறகு எல்லா இலையிலும் அடுப்பு எரிகிறது. மாவுச்சத்து எல்லாவற்றிலும் இருக்கும்.

அதாவது, இலையிடம் சம்பத் கேட்டது ‘உன்னிடம் மாவுச்சத்து இருக்கிறதா?’ என்று. அது இருக்கிறது என்றது. ‘உனக்கு வைரஸ் வந்திருக்கிறதா?’ என்று கேட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். அவருக்கு விதி தெரியாமல் இல்லை. கூட்டம் சுற்றி நின்றது, இலை நீலமானது, கைதட்டினார்கள். கைதட்டல் பொல்லாதது, பிள்ளைகளே.

நான் போய்ச் சேர்ந்தபோது டிராக்டர் சாலையிலிருந்து வயலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வரப்பில் ஊரே நின்றது, சம்பத்தும் வந்திருந்தார். ஆரோக்கியமேரி அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருந்தவர். வீட்டின் ஒரு வருஷச் சோறு அது. இப்போது உழுதால் மறுபடி நடப் பருவமும் இல்லை, நாற்றும் இல்லை. அவர் அழவில்லை. இடுப்பில் கைவைத்து டிராக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிராக்டருக்கு முன்னால் சேற்றில் இறங்கி நின்றேன். அதன் பிறகு கேட்டது.

“விடுங்க மேடம்” என்றார் ஆரோக்கியமேரி. “விஞ்ஞானமே சொல்லிடுச்சு. அதுக்கு மேல நாம என்னத்தைச் சொல்றது? என் ஒருத்திக்காக ஊருப் பயிரெல்லாம் போகணுமா?”

“விஞ்ஞானம் ஒண்ணும் சொல்லலைங்க. சம்பத் சொன்னாரு. ரெண்டும் ஒண்ணு இல்லை.”

சம்பத்தின் முகம் கறுத்துவிட்டது. மேல்வயல்காரர் கோவிந்தராஜ் முன்னால் வந்தார். டிராக்டரைக் கூப்பிட்டவர் அவர். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். “மேடம், அந்தப் பூச்சி பறந்து வந்தா அடுத்தது என் வயல்தான். கண்ணால பார்த்தோமே, இலை நீலமாச்சே.”

“சரி. உங்க வயல்ல இருக்கிறதுலயே நல்ல பயிராப் பார்த்து, நீங்களே ஒரு இலை பறிச்சிட்டு வாங்க.”

பச்சைப் பசேலென்று ஓர் இலையைப் பெருமையோடு கொண்டுவந்தார். சம்பத் பையில் அயோடின் இருந்தது. இலையை வெட்டி வைத்தோம். கால் மணி நேரம் காத்திருந்தோம். எடுத்துக் கழுவிப் பிழிந்து வெளிச்சத்தில் பிடித்தேன். கருநீலம் கோடு கோடாக ஓடியிருந்தது.

கோவிந்தராஜ் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “என் வயல்லயும் வந்திடுச்சா?”

கூட்டத்தில் ஒருவர், “அட, இந்த மருந்தே டுபாக்கூருப்பா” என்றார். சிரிப்பு கிளம்பியது. கவனியுங்கள், கால் மணி நேரத்துக்கு முன்னால் வேதவாக்கு, இப்போது டுபாக்கூர். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. நம் பிழைப்பு முழுக்க அந்த நடு இடத்தில்தான். ஆனால் அங்கே நிற்க யாருக்கும் பிடிக்காது. கைதட்டலும் கிடைக்காது.

ஆரோக்கியமேரியின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப என் பயிருக்கு நோய் இல்லைதானே மேடம்?”

இந்த மாதிரிக் கேள்வி உங்களிடமும் வரும், அதே முகத்தோடு வரும். இல்லை என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். நல்ல இலையும் நீலமானால், நேற்றைய சோதனை வாயே திறக்கவில்லை என்றுதான் பொருள். நோய் இல்லை என்று அது சொல்லவில்லை.

“தெரியலைங்க” என்றேன். அவர் முகம் வாடியது.

சம்பத் என்னைத் தனியே இழுத்தார். “தெரியலைன்னு சொல்றதுக்கா நாம இருக்கோம்? என் மானம் போனது போகட்டும். நாளைக்கு இந்த ஊர்ல எவன் நம்மளை நம்புவான்?”

“தெரியாததைத் தெரியும்னு சொன்னதாலதான் டிராக்டர் வந்துச்சு, சம்பத்.”

முறைத்துக்கொண்டு நகர்ந்தார். நான் மஞ்சளாக இருந்த ஒரு நெற்குத்தைப் பிடுங்கினேன். வேர் கறுத்துப்போய், அழுகின முட்டை வாடை அடித்தது. வைரஸ் வேரைக் கறுக்க வைக்காது. தேங்கின தண்ணீர் கறுக்க வைக்கும். நம் பக்கத்தில் தண்ணீர் வயலுக்கு வயல் பாயும் கதை தெரியும்தானே? மேல்வயலில் மிஞ்சியது கீழ்வயலுக்கு, அங்கிருந்து வடிகாலுக்கு. பாசன வாய்க்காலைத் தூர்வார எல்லோரும் வருவார்கள். வடிகாலை யாரும் நினைப்பதில்லை. போய்ப் பார்த்தால் வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை. மழைத் தண்ணீரும் கோவிந்தராஜ் மடைத் தண்ணீரும் சேர்ந்து அந்த அம்மாள் வயலில்தான் குடியிருந்தது.

எனக்கு ஒரே துள்ளல். உடனே படித்த புத்தி எட்டிப் பார்த்தது. “வயலைப் பாதியாப் பிரிப்போம். ஒரு பாதியை வடிப்போம், மறு பாதியை இப்படியே விடுவோம். ஒப்பிட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்.”

ஆரோக்கியமேரி என்னை நேராகப் பார்த்தார். “நீங்க தெரிஞ்சுக்கணுங்கிறதுக்காக என் பாதிப் பயிர் சாகணுமா மேடம்?”

நம் பண்ணையில் மூன்று பாத்தி செத்தால் அது தகவல். அவருக்கு அது சோறு. அதே சமயம் ஒப்பிட ஒன்றும் இல்லாமல், எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் பயிர் தேறியது என்றால், எதனால் தேறியது என்று எப்படிச் சொல்வது? சோதனை வைக்காவிட்டால் அறிவியலே இல்லை என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

அப்போது சம்பத் பேசினார். கோபம் தீராமல், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “மேடம், அந்த மேட்டைப் பாருங்க.”

வயலின் ஒரு மூலையில் பழைய களமேடு. சரியாகச் சமப்படுத்தாததால் கையகல உயரம் இருந்தது. அங்கே மட்டும் பயிர் பச்சை. விதை அதேதான், நாற்று அதேதான், நட்ட கையும் அதேதான். உயரம் மட்டும் வேறு. மஞ்சள் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே தண்ணீர் ஆரம்பித்தது. நான் வைக்க நினைத்த சோதனையை வயல் முன்னமே வைத்து முடித்திருந்தது. நட்சத்திரத்தை ஆராய்கிறவர் நட்சத்திரத்தைப் பாத்தி கட்டியா வளர்க்கிறார்? பார்க்கத் தெரிந்தால் போதும். எனக்குச் சம்பத்தைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் நடுவில், ஊரார் முன்னால், அது வேண்டாம் என்று விட்டேன்.

“அப்ப உறுதியாத் தண்ணிதானா?” என்றார் கோவிந்தராஜ். “உறுதின்னு சொல்லுங்க, டிராக்டரை அனுப்பிடறேன்.”

“உறுதின்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் நினைக்கிறது தப்பா இருந்தா அது எப்படித் தெரியும்னு இப்பவே சொல்லிடறேன். தண்ணியை வடிச்சப்புறம் வர்ற புது இலை பச்சையா வரணும். புது இலையும் மஞ்சளாவே வந்துச்சுன்னா நான் தோத்தேன். அன்னிக்கு டிராக்டருக்கு நானே போன் பண்றேன். ஒரு வாரம், பத்து நாள் கொடுங்க.”

“அதுவரைக்கும் பூச்சி சும்மா இருக்குமா?”

“அதை நான் பார்த்துக்கறேன்” என்றார் சம்பத். “தினம் வந்து பூச்சி வலை வீசிப் பார்க்கறேன். பச்சைத் தத்துப்பூச்சி ஏறுச்சுன்னா அன்னிக்கே மருந்து.”

எல்லோரும் ஆரோக்கியமேரியைப் பார்த்தார்கள். அவர் மேல்வயல் மடைப் பக்கம் திரும்பினார். பிறகு கோவிந்தராஜிடம், “அண்ணே, முதல்ல உங்க மடையை அடைங்க” என்றார். டிராக்டர் பின்பக்கமாகவே சாலைக்குப் போயிற்று.

மறுநாள் விடிவதற்கு முன் இரண்டு வயலிலும் இலை பறித்துச் சோதனையைச் சரியாகச் செய்தோம். கோவிந்தராஜ் வயல் இலைகள் எல்லாம் வெளிறியே இருந்தன. ஆரோக்கியமேரி வயலிலும் பெரும்பாலானவை அப்படித்தான். நான் உள்ளுக்குள் கொண்டாட ஆரம்பித்துவிட்டேன். கடைசியாக, கோவிந்தராஜ் வயலை ஒட்டிய வரப்போரத்து இலைகள் வந்தன. அவற்றில் சில கருநீலமாக ஓடின.

“சொன்னேன்ல?” என்றார் சம்பத்.

சொன்னார்தான். துங்ரோ இருந்தது, வரப்போரத்தில் சில குத்துகளில். மீதி வயலின் மஞ்சள் தண்ணீரால். இரண்டும் ஒரே வயலில், ஒரே நிறத்தில். வெளுத்ததெல்லாம் பால் என்பார்களே, மஞ்சளானதெல்லாம் ஒரே நோய் என்று நாங்கள் இரண்டு கட்சியாக நின்று சண்டை போட்டிருக்கிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானையில் ஒரே தீ, ஒரே தண்ணீர். அதனால் அது சரி. வயல் பானை இல்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். பாதி தோற்றவளுக்கு என்ன சந்தோஷம் என்று சிரிக்காதீர்கள். நேற்று இல்லாத ஒரு விஷயம் இன்று கையில் இருக்கிறது, அதுவும் வேலைக்கு ஆகும் விஷயம். இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம்.

வாட்ஸ்அப் குழுவில் அன்று காலையே வந்துவிட்டது: ‘விஞ்ஞானிகள் பல்டி.’

ஆரோக்கியமேரிகூடக் கேட்டார். “நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு மாத்திச் சொல்றீங்களே மேடம்?”

“ஆமா, மாத்தித்தான் சொல்றேன். நேத்துத் தெரியாதது இன்னிக்குத் தெரியுது. தெரிஞ்சப்புறமும் நேத்துச் சொன்னதையே சொன்னா அதுக்குப் பேரு உறுதி இல்லைங்க, வீம்பு.”

அவர் வயலில் இறங்கினார். அந்த வரப்போரத்துக் குத்துகளைப் பிடுங்கிப் புதைத்தார். ஊர் ஆட்கள் வடிகாலில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டார்கள். கோவிந்தராஜும் இறங்கினார், முனகிக்கொண்டேதான். தண்ணீர் வடிந்து மண் வெடிப்பு விட ஆரம்பித்தது.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தைரியமாக வாக்குக் கொடுத்துவிட்டேன். தப்பானால் என் பெயர் கெடும், அவ்வளவுதான். அவருக்கு வருஷம் போகும். இதை மறந்துவிட்டு வெறும் ஆராய்ச்சி ஆர்வத்தோடு வயலில் கால் வைக்காதீர்கள். ஆர்வம் வேண்டும், எனக்கு அது எப்போதும் கொஞ்சம் அதிகம். ஆனால் பயமும் கூடவே வர வேண்டும்.

குறித்த நாளில் நானும் சம்பத்தும் போனோம். சாலையிலிருந்து பார்த்தால் வயல் அதே மஞ்சள்தான். சம்பத் விறுவிறுவென்று உள்ளே இறங்கிக் குனிந்தார். என்ன தேடினார் தெரியுமா? குருத்தும் மஞ்சளாக வந்து, எங்கள் இருவர் கணிப்பும் தப்பு என்று காட்டக்கூடிய குத்து எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். பச்சையாக இருப்பதைத் தேடிப் பச்சையைக் கண்டுபிடிப்பதில் என்ன இருக்கிறது? வயல் முழுக்க நடந்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“பழைய இலை மஞ்சள். குருத்து பச்சை. எல்லா இடத்துலயும்.”

நான் ஒரு குத்தைப் பிடுங்கிக் காட்டினேன். கறுத்த வேர்களுக்கு நடுவில் வெள்ளை வேர் கிளம்பியிருந்தது. ஆரோக்கியமேரி அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். வாடை இல்லை. அதைத் திரும்பவும் அதே இடத்தில் ஊன்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கோவிந்தராஜ் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். “பொழைச்சிடுச்சு, சந்தோஷம். இப்பவாவது உறுதியாச் சொல்லுங்க மேடம். இனிமே என் வயலுக்கு ஒரு பயமும் இல்லைதானே?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியமேரி முந்திக்கொண்டார்.

“அவங்க சொல்ல மாட்டாங்கண்ணே. யாராலயும் சொல்ல முடியாது. நோய் இருந்தது உங்க வரப்பை ஒட்டித்தானே? அன்னிக்கு உங்க இலை வெளுப்பா இருந்துச்சு, சரி. அப்புறம் பூச்சி அந்தப் பக்கம் போயிருந்தா? நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி அந்த ஓரத்துல இருந்து இலை பறிச்சிட்டு வாங்க. நல்லதாப் பார்த்துப் பறிக்காதீங்க. சந்தேகமா இருக்கிறதாப் பார்த்துப் பறிங்க.”

நான் சம்பத்தைப் பார்த்தேன். சம்பத் என்னைப் பார்த்தார்.

மறுநாள் இருட்டோடு கோவிந்தராஜ் இலைகளோடு வந்தார். நாங்களும் இருந்தோம். சோதனையைச் செய்தவர் ஆரோக்கியமேரி. இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தார். வெளுப்பு, வெளுப்பு, வெளுப்பு. அடுத்தது கருநீலம்.

கோவிந்தராஜ் அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். டிராக்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. ‘என் வயலையும் உழணுமா?’ என்று அவரைக் கேட்கவைக்கவும் இல்லை ஆரோக்கியமேரி.

“எந்த இடத்துல பறிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?” என்றார்.

“இருக்கு.”

“வாங்க, அதை மட்டும் பிடுங்கிடுவோம். மத்தது நல்லாயிருக்கு.”

இருவரும் வரப்பேறி கோவிந்தராஜ் வயலில் இறங்கினார்கள். ஆரோக்கியமேரி குனிந்து அந்தக் குத்தைப் பிடுங்கினார்.